மேலாளர் இல்லாத பத்து நாட்கள்

வங்கிகளில் முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு ஏதுமின்றி, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்கள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் அறிவுறுத்தியது. அந்த நாட்களில் அவர் தம்முடைய பணி சார்ந்த கோப்புகளையோ கணினி அமைப்புகளையோ தொடக்கூடாது. அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டும் விலக்கு உண்டு. எந்தெந்தப் பதவிகள் இதில் அடங்கும் என்பதை அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு ஏற்ற கொள்கை வரையறுக்கும். நான் பணியாற்றிய வங்கியில் கிளை மேலாளர் பதவியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இந்த விதி சந்தேகத்தில் பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1995இல் நிக் லீசன் என்ற ஒரே ஊழியர் சிங்கப்பூரில் மறைத்துவைத்த நட்டத்தால் பேரிங்ஸ் வங்கி மூழ்கியது. 2008இல் பிரான்சின் சொசியெத்தே ஜெனரல் வங்கிக்கு 4.9 பில்லியன் யூரோ இழப்பு வந்தபோது, அதற்குக் காரணமான ஜெரோம் கெர்வியல் விடுப்பு எடுப்பதையே தவிர்த்துவந்தவர் என்பது வெளிப்பட்டது. மேசையை விட்டு நகராதவரின் மேசையில் என்ன இருக்கிறது என்பதை வேறொருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்ற பாடத்தை வங்கித் துறை இப்படித்தான் கற்றுக்கொண்டது. ஆனால் நான் இந்த விதியை வேறொரு காரணத்துக்காக மதிக்கிறேன். நம் தொழிலில், தலைமைப் பொறுப்பில் இருப்பவரை ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஆணை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

வேலை நேரத்துக்கு வரம்பு கட்டிய சட்டங்கள் தலைமையில் இருப்பவரைத் தொடக்கத்திலிருந்தே வெளியே நிறுத்திவிட்டன. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1919இல் வரையறுத்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே மேற்பார்வைப் பொறுப்பிலும் நிர்வாகப் பொறுப்பிலும் இருப்பவர்களுக்கு விலக்களித்தது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. வங்கியில் எழுத்தர் கூடுதல் நேரம் வேலை செய்தால் அதற்குத் தனிப்படி உண்டு. அதிகாரிக்கு அது கிடையாது. தம் நேரத்தைத் தாமே ஆளக்கூடியவர் என்ற எண்ணத்தில் மேலாளருக்கு அளிக்கப்பட்ட விலக்கு, அவர் எந்நேரமும் கிடைப்பார் என்ற எதிர்பார்ப்பாக மாறிவிட்டது.

ஒரு நடுத்தர ஊரின் கிளை மேலாளருடைய நாளை எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்பே அவர் வந்துவிடுகிறார். பகல் முழுவதும் நகைக் கடன், ஓய்வூதியர்களின் குறை, கணினி இணைப்புத் துண்டிப்பு, கடன் கேட்டு வந்தவரிடம் பேச்சு என்று போய்விடுகிறது. கதவை அடைத்த பிறகுதான் கடன் விண்ணப்பங்களைப் படிக்க உட்கார முடிகிறது. அந்த நேரத்தில் வட்டார அலுவலகத்தின் காணொலிக் கூட்டம் தொடங்கிவிடுகிறது. வாட்ஸாப் குழுவில் அன்று எத்தனை கணக்கு திறக்கப்பட்டது, எத்தனை காப்பீட்டுப் பாலிசி சேர்ந்தது என்று மணிக்கொரு முறை கேள்வி வருகிறது. வாராக் கடன் வசூலுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் வீட்டில் இருப்பார் என்பதால் அந்த நாளும் பறிபோகிறது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் 2015 செப்டம்பர் முதல் வங்கி விடுமுறைதான் என்றாலும், காலாண்டு முடிவில் அந்த விடுமுறை பெரும்பாலும் நாட்காட்டியில் மட்டுமே இருக்கிறது.

காலை 9 மணிக்கு வந்து இரவு 8 மணிக்குக் கிளம்புகிறவர் ஐந்தே நாட்களில் 55 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. உடலுக்கு நேரும் கேடு இது. தீர்மானத்துக்கு நேரும் கேட்டைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். கடன் கொடுப்பது என்பது எதிரில் இருப்பவரின் சொல்லையும் கணக்கையும் ஒப்பிட்டு எடைபோடும் வேலை. மாலையில் களைத்த கண்ணோடு பதினோராவது விண்ணப்பத்தைப் புரட்டுகிறவர், கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவார், அல்லது கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவார். பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தபோது, ஆற்றல் வற்றிப்போவதோடு வேலையிலிருந்து மனம் விலகிப்போவதையும் செயல்திறன் குறைவதையும் அதன் கூறுகளாகச் சேர்த்தது. அந்த மனவிலகலைக் கிளைகளில் நான் பார்த்திருக்கிறேன். நல்ல மேலாளர்கள், கவுண்டருக்கு வந்த விவசாயியின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே கணக்கு எண்ணைக் கேட்பார்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்திக்கு வருகிறேன். மேலாளரின் ஓய்வு அவரோடு நின்றுவிடுவதில்லை. அவர் எட்டு மணி வரை அமர்ந்திருந்தால், வேலை முடிந்த இளம் அதிகாரியும் பையை எடுக்கத் தயங்கி அமர்ந்திருப்பார். குழந்தை காத்திருக்கும் வீட்டுக்கு ஒரு தாய் தாமதமாகப் போவார். எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும், மேலாளர் எழுந்து போவதைக் கண்ணால் பார்க்காதவரை அந்தக் கிளையில் யாரும் நேரத்துக்குப் போக மாட்டார்கள்.

டெல்டா பகுதியில் ஒரு கிளையின் மேலாளர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டபோது, அங்கிருந்த இரண்டாம் நிலை அதிகாரி பொறுப்பேற்றார். முறைகேடு எதுவும் வெளிவரவில்லை. அந்த மேலாளர் மிக நேர்மையானவர். ஆனால் எந்தெந்தக் கடன் ஆவணங்கள் வழக்குத் தொடுப்பதற்கான மூன்றாண்டுக் காலவரம்பை நெருங்குகின்றன, யாரிடம் எப்போது புதுப்பித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற விவரம் முழுவதும் அவருடைய சொந்த நாட்குறிப்பில் மட்டுமே இருந்தது தெரிந்தது. பொறுப்பு அதிகாரி ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். மேலாளர் திரும்பி வந்தபோது அவர் தலையிலிருந்த சுமையில் ஒரு பகுதி கிளையின் அலமாரிக்கு இடம் மாறியிருந்தது. அந்த அதிகாரிக்கும், தம்மால் ஒரு கிளையை நடத்த முடியும் என்ற தெளிவு அந்தப் பத்து நாட்களில்தான் வந்தது. ஒருவர் இல்லாமல் ஓடாத கிளையை அவருடைய திறமைக்குச் சான்றாகப் பாராட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நான் கிளையின் பலவீனமாகவே கருதுகிறேன்.

மின்னஞ்சலுக்குத் தரப்பட்ட விலக்கு இந்த விதியின் ஓய்வுப் பயனைக் குறைக்கிறது என்பது என் கருத்து. அஞ்சலைப் பார்ப்பவர் பதில் எழுதாமல் இருந்தாலும் மனத்தளவில் கிளைக்குள்தான் இருப்பார். வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய சட்டம் இங்கே வரும்வரை, தங்கள் கைக்குள் இருப்பதையாவது வட்டார மேலாளர்கள் செய்யலாம்.

அவர்களிடம் நான் கேட்பது இதுதான். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் வைப்புத்தொகையும் கடன் வசூலும் பேசப்படும் அதே தாளில், ஒவ்வொரு கிளை மேலாளரும் அந்த ஆண்டில் எடுத்த விடுப்பு நாட்களும் இடம்பெறட்டும். விடுப்பே எடுக்காதவரிடம் அதற்கான காரணம் கேட்கப்படட்டும். கட்டாய விடுப்பைத் தவிர, மேலாளர் தாமே திட்டமிட்டுக் குடும்பத்தோடு செல்லும் ஆண்டு விடுப்பையும் நடவுக் கடன் காலத்தையும் மார்ச்சையும் தவிர்த்து வட்டார மேலாளர் முன்கூட்டியே ஒதுக்கித் தரட்டும். பொறுப்பேற்கும் அதிகாரிக்குச் சாவியோடு கடன் வழங்கும் அதிகாரமும் எழுத்து மூலமாகத் தரப்படட்டும், ஏனென்றால் அதிகாரமில்லாத பொறுப்பாளர் ஒவ்வொரு மணிக்கும் விடுப்பில் இருப்பவரைத்தான் அழைப்பார். இவற்றுக்கெல்லாம் முன்பாக, வட்டார மேலாளர் தம்முடைய விடுப்பு விண்ணப்பத்தை எல்லாக் கிளைகளும் அறிய முதலில் அனுப்பட்டும்.