பவுலுக்குச் சாப்பாடு போட்டது யார்?

பத்தாம் வகுப்பில் சமய பாட மணி அடித்ததும் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரியும். சைவசமயம் படித்தவர்கள் அறையிலேயே இருப்பார்கள், கிறிஸ்தவம் எடுத்த நாங்கள் ஒன்பது பேரும் வாங்குகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்து வேப்பமரத்தடிக்குப் போவோம். சேர் மரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்பார். இயேசுவின் செய்தியை ஊர் ஊராகச் சொல்லப்போன பவுலின் பயணங்கள் வரும் பைபிள் புத்தகமான அப்போஸ்தலர் நடபடிகளில் 18ஆம் அதிகாரம் தொடங்கிய நாள், புத்தகத்தைத் திறக்கச் சொல்லாமலே கேட்டார்: "பவுல் கொரிந்துவில ஒண்டரை வருசம் இருந்தவர். அவருக்கு ஆர் சாப்பாடு போட்டது?"

"கர்த்தர்" என்றான் பின்னால் இருந்த ஒருவன். சேர் சிரிக்கவில்லை. "சரி, எப்பிடி?" என்றார்.

அந்த "எப்பிடி"யோடுதான் நான் இன்றுவரை பைபிள் வாசிக்கிறேன்.

பதில் அந்த அதிகாரத்திலேயே இருந்தது. கிலவுதியு ராயன் யூதர்களை ரோமிலிருந்து துரத்தியபோது (கி.பி. 49 அளவில்) ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் கிரேக்க நாட்டுக் கொரிந்துவுக்கு வந்து சேர்ந்தார்கள், கூடாரம் செய்வது அவர்கள் தொழில், பவுலுக்கும் அதே தொழில், அதனால் அவர்களோடு தங்கி வேலை செய்தார். ஊசி, நூல், கத்தி இருந்தால் எந்த ஊரிலும் பிழைக்கலாம். ஆனால் சேர் அங்கே நிற்கவில்லை. அந்தக் காலத்து மேல்தட்டு மனிதர் கூலிக்குக் கைவேலை செய்வதை இழிவாக நினைத்தார்கள், ரோம எழுத்தாளர் சிசரோ அதை எழுதியே வைத்திருக்கிறார். ஊருக்கு வரும் பேச்சாளர் ஒரு பணக்கார வீட்டில் தங்கி, வீட்டுக்காரர் போடும் சோற்றைச் சாப்பிட்டு, அந்த வீட்டுக்காரருக்குப் பெருமை சேர்ப்பதுதான் வழக்கம். அப்படியிருக்க, கொரிந்துக்காரர் காசு கொடுக்க முன்வந்தபோது பவுல் மறுத்துவிட்டார், அதுவே அவர்களுக்கு மனத்தாங்கல். வடக்கே மக்கெதோனியாவிலிருந்த சபைகள் அனுப்பிய உதவியை மட்டும் வாங்கியிருக்கிறார். "சோறு போட்டவன் பேச்சையும் கேக்க வேணும், அதுதான் வாங்கேல்ல" என்றார் சேர்.

இன்னொரு நாள், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதமான 1 கொரிந்தியர் 11. இயேசுவின் கடைசி இராப்போசனத்தை நினைத்துச் சாப்பிடும் திருவிருந்துக்குக் கூடும்போது ஒருவர் பசியோடு இருக்க இன்னொருவர் குடித்து வெறிக்கிறார் என்று பவுல் கோபப்படும் இடம். ரோம வீட்டின் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்கட்டில்கள் இருக்கும், அதில் ஒன்பது பேர்தான் சாயலாம் என்று சேர் மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினார். பிறகு எங்களை எண்ணினார். ஒன்பது. "நீங்கள் உள்ளுக்க. அங்க வகுப்பில இருக்கிறவங்கள் எல்லாம் முற்றத்தில. வேலை முடிஞ்சு பிந்தி வாற அடிமைக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். எங்கள் ஒருவருக்கும் வாய் திறக்க முடியவில்லை. சபை என்றால் மேடையும் பிரசங்கமும் என்று நினைத்திருந்த எனக்கு, அது முதலில் ஒரு வீடும் ஒரு சாப்பாட்டு மேசையும், யார் உள்ளே யார் வெளியே என்ற சண்டையுமாக இருந்தது அன்றுதான் விளங்கியது.

2019இல் ஏதென்சுக்கு வேலையாகப் போனபோது ஒரு நாள் ஒதுக்கி கொரிந்துவுக்குப் போனேன். கி.மு. 146இல் ரோமர் அழித்து, 44இல் யூலியஸ் சீசர் திரும்பக் குடியேற்றிய ஊர், வந்தவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். அதனால்தானோ என்னவோ, பெயரைக் கல்லில் வெட்டிப் பார்க்கும் ஆசை அங்கே அதிகம். பதவி கிடைத்ததற்காகத் தன் செலவில் கல் பாவியதாக ஏரஸ்து என்பவர் பொறித்த கல்வெட்டு தியேட்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பவுல் ரோம் சபைக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தில் வரும் ஏரஸ்துதானா அவர் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ரோம ஆளுநர் கல்லியோனுக்கு முன் பவுலை நிறுத்திய நியாயாசனத்தின் அடித்தளமும் இருக்கிறது. தெல்பியில் கிடைத்த கல்வெட்டில் கல்லியோனின் பெயர் இருப்பதால்தான் பவுல் அங்கே இருந்த காலத்தை கி.பி. 51ஐ ஒட்டி என்று சொல்ல முடிகிறது. எல்லோரும் அங்கேதான் படம் எடுத்தார்கள். நான் கடை வரிசைகளின் அடித்தளத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். நாலு எட்டில் முடிந்துவிடும் அறைகள். அப்படி ஒரு அறையில் தோலும் துணியுமாக மூன்று பேர் குந்தியிருந்து தைத்தால், வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்கு உள்ளே பேசுவது அத்தனையும் கேட்கும்.

அப்புறம் கொரிந்துவின் துறைமுக ஊரான கெங்கிரேயாவுக்கு ஒரு டாக்சி பிடித்தேன். ரோமர் நிருபத்தை ரோமுக்குக் கொண்டுபோனவர் பெரும்பாலும் அந்த ஊர்ச் சபையில் ஊழியம் செய்த பெபேயாள் என்ற பெண்தான், சேர் அந்தப் பெயரை எங்களுக்கு மூன்று தரம் சொல்லி எழுதவைத்தவர். பழைய துறைமுகத்தின் கல்வரிசைகள் இப்போது கடலுக்குள் கிடக்கின்றன, தண்ணீர் தெளிவாக இருந்தால் கரையிலிருந்தே தெரியும். சப்பாத்தைக் கழற்றி முழங்கால் மட்டும் இறங்கி, அந்தக் கல்லில் ஒன்றின்மேல் கால் வைத்து நின்றேன். சேர் அப்போது உயிரோடு இல்லை. மரத்தடியில் இருந்த மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேருக்குப் படத்தை அனுப்பினேன். மற்ற மூவரின் முகவரி யாரிடமாவது இருந்தால் எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள்.