கைகாட்டி

மார்ச் 2

20-ஆம் தேதிக்குள் பழைய வண்டிக் கிடங்கு காலியாக வேண்டுமாம். பெரியவர் வாசலிலேயே சொல்லிவிட்டார். அமுக்கும் இயந்திரம் வந்துவிட்டால் மிச்சமிருக்கும் எல்லாம் பாளமாகிவிடும். கடைசி வரிசையில், லாரி முகப்புகளுக்குப் பின்னால், அந்த மோரிஸ் மைனர் கார் அப்படியே நிற்கிறது. அப்பாவின் மைனருக்கு, நம் வண்டிக்கு, வேண்டிய பாகங்களை இதிலிருந்துதான் கழற்ற வேண்டும். என்ஜினுக்குப் பக்கத்தில் முளைத்த செடி பானெட் இடுக்கில் தலையை நீட்டியிருக்கிறது. 18 நாட்கள்.

மார்ச் 3

ஸ்பேனரைத் தொடவே இல்லை. எண்ணெய் மட்டும் விட்டேன். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி எண்ணெயும் சரிபாதி. இரண்டும் ஒன்றாக நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். கண்ணில் பட்ட நட்டுக்கெல்லாம் இரண்டு சொட்டு. என்ஜின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் திருகுத் தண்டுகளுக்கு, ஸ்டட்களுக்கு, மட்டும் நான்கு. முதல் நாளே முறுக்கத் தொடங்குகிறவன் உடைக்கத்தான் போகிறான். இதை எனக்குச் சொன்னது அண்ணன்.

ஒற்றை முன்கண்ணாடி, 948 சிசி என்ஜின். ஆகவே 1956-க்குப் பிந்தியது. கதவுத் தூணில் கைகாட்டிக்கான பிளவு இருக்கிறது, திரும்பும் பக்கத்தைக் காட்ட வெளியே நீளும் சிறு கை அது. ஆகவே 1961-ஐத் தாண்டாது. நம் வண்டியின் வயதுதான்.

மார்ச் 4

இடப்பக்கக் கைகாட்டி உள்ளேயே இருக்கிறது. வலப்பக்கம் வெறும் பிளவு. நமக்கு வேண்டியது இடப்பக்கம்தான்.

மார்ச் 6

காலை முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே போய்விட்டது. இரண்டே திருகுகள்தான், ஆனால் இரண்டின் தலையும் தேய்ந்திருந்தன. வாளால் புதிதாக ஒரு கீற்றுப் போட்டு, திருப்புளியை அழுத்திப் பிடித்து, சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி, கால் சுற்று, மறுபடி எண்ணெய், இன்னொரு கால் சுற்று. வெளியே எடுத்தபோது கைகள் நடுங்கின. லூகாஸ் என்ற கம்பெனிப் பெயரின் எழுத்துகள் துருவுக்கடியிலும் தெளிவாகத் தெரிகின்றன. ஆரஞ்சு நிறத் தகடு வெயிலில் வெளுத்து நொறுங்கும் பதத்தில் இருக்கிறது, ஆனால் உடையவில்லை. உள்ளே சுருளும், அது இழுக்கும் இரும்புத் தண்டும், கையின் முனையில் குச்சிபோல ஒரு சிறு பல்பும்.

வீட்டுக்கு வந்து 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். ஒன்றும் இல்லை. முனைகளை மாற்றி இணைத்தேன். மாற்றினாலும் அதற்கு ஒன்றுதான் என்று தெரியும், மனம் கேட்கவில்லை. தண்டை மண்ணெண்ணெயால் கழுவினேன். காய்ந்த கிரீஸ் தேன்மெழுகு போல வந்தது. இப்போது கை தானாக ஏறி இறங்குகிறது, விரலால் தூக்கினால். மின்சாரத்துக்கு அசையவில்லை.

அப்பா ஓட்டும்போது இது அடிக்கடி சிக்கிக்கொள்ளும். கதவுத் தூணில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார், துள்ளி வெளியே வரும். பின்னிருக்கையில் நாங்கள் இருவரும் அந்தத் தட்டுக்காகக் காத்திருப்போம்.

மார்ச் 7

அண்ணன் போனை எடுக்கவில்லை.

மார்ச் 8

ஸ்டட் உடைந்துவிட்டது. நான்கு நாள் ஊறியது, சூடு காட்டினேன், முன்னும் பின்னுமாக அசைத்தேன், எல்லாம் முறைப்படிதான் செய்தேன். மேனிஃபோல்டில் நடுவிலுள்ளது, தலைப்போடு தலைப்பாக அறுந்து நிற்கிறது. அவசரப்பட்டேனா என்று பத்து முறை கேட்டுக்கொண்டேன். அவசரப்பட்டேன். பின்வரிசை வண்டிகளைத் தூக்கும் சத்தம் கேட்டதும் கை தானாகப் பலம் கூட்டிவிட்டது.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் கை நுழையவில்லை என்று வயர்க் கட்டை வெட்டினேன். துணி சுற்றிய பழைய வயர்கள், ஒவ்வொன்றும் இன்னும் தன் நிறத்தோடு. வேகமானி கிடைத்துவிட்டது. வெட்டியதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மார்ச் 9

டார்ஷன் பார் இரண்டும் வெளியே, முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக முறுக்கிக்கொடுக்கும் எஃகுக் கம்பிகள். கழற்றும் முன்பே இடது, வலது என்று சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டு, கம்பியில் தகடும் கட்டினேன். இத்தனை ஆண்டுகள் ஒரே பக்கம் முறுக்கேறிய எஃகு, பக்கம் மாற்றிப் போட்டால் ஒடியும். எஸ்.யூ. கார்புரேட்டரின் பிஸ்டனையும் அதன் மேல் கிண்ணத்தையும் ஒரே துணியில் சுற்றி வைத்தேன். அவை ஒன்றுக்கொன்று அளவெடுத்த ஜோடி. வேறொன்றின் கிண்ணத்தில் அந்தப் பிஸ்டன் ஒழுங்காக இறங்காது.

மார்ச் 11

பின் ஸ்பிரிங்கைக் கழற்றத்தான் அடியில் படுத்தேன். முன்பக்கத் தாங்கி இருக்கும் இடத்தைப் பழக்கத்தில் திருப்புளியால் குத்தினேன். குத்து இறங்கவில்லை. சுத்தியால் தட்டினேன், கணீரென்றது. அந்தப் பக்கம் போனேன். அதுவும் கணீர். காந்தத்தை எடுத்துக்கொண்டு ஜாக் வைக்கும் குறுக்குச் சட்டம், கதவுக்குக் கீழ் உள்ள பெட்டிப் பகுதி, கதவுத் தூணின் அடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கும் இரும்பு. கசிந்த எண்ணெய் கறுப்பாகப் படிந்து இத்தனை வருடமும் அதைக் காத்திருக்கிறது. தரையில் இரண்டு ஓட்டைகள் உண்டு, வைப்பரின் கீழே ஒன்று. அவ்வளவுதான்.

நம் வண்டியில் அதே இடத்தில் திருப்புளி பிடிவரை இறங்கும். ஒரு நாள் ஸ்பிரிங் தரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்துவிடும் என்று அண்ணன் சொன்னதற்குத்தான் அந்தச் சண்டையே. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். உடல் போனால் எதில் பூட்டுவது இந்த டார்ஷன் பாரையெல்லாம்?

மல்லாந்தபடியே வெகுநேரம் கிடந்தேன். உயிரோடு இருப்பதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, நல்லதை அறுத்துக்கொண்டிருக்கிறேன். நம் வண்டியின் கதவுகள், இருக்கைகள், அந்த ஸ்டீரிங், அப்பாவின் கை தேய்த்த கியர் குமிழ் எல்லாவற்றையும் இதன் உடலில் பூட்டினால் அது எந்த வண்டி? நம்முடையதா? எண் தகடு பொறித்த உலோகம் எங்கே போகும்? தகட்டை மட்டும் எடுத்து இதில் அடிப்பது பொய். அதை நான் செய்ய மாட்டேன். இதன் எண்ணிலேயே இது ஓடட்டும் என்றால் அப்பாவின் வண்டி பாகம் பாகமாக இதற்குள் போய்விட்டது என்றாகிறது. நம்முடையதிலேயே புதுத் தகடு வெட்டி வெல்டிங் செய்யலாம். அதற்கு நல்ல கை வேண்டும். அது அண்ணனுடைய கை.

பானெட்டின் நடுவில் ஓடும் தட்டைப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். 1948-இல் மைனர் வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்பு, அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலத்தில் நிறுத்தினார். அந்த 4 அங்குலம்தான் இந்தப் பட்டை. அறுத்துச் சேர்த்த வடிவத்தை எவரும் ஒட்டுவேலை என்று சொல்வதில்லை. அதனால் என் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மார்ச் 12

போகவில்லை.

மார்ச் 13

என்ஜினில் பிளக்குகளைக் கழற்றி நான்கு சிலிண்டர்களிலும் எண்ணெய் ஊற்றியது 5-ஆம் தேதி. இன்று கைச்சுழற்றியைப் போட்டு, உடல் எடையை மட்டும் அதன்மேல் வைத்தேன். ஒரு விரற்கடை நகர்ந்தது! பிறகு எதிர்த் திசையில் ஒரு விரற்கடை. அதற்குமேல் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இதைப் பிரிக்கக் கூடாது. பேரிங் மூடிகள் அந்த பிளாக்கோடு சேர்த்துக் குடைந்தவை, ஒன்று இடம் மாறினாலும் எல்லாம் வீண். முழுதாகத்தான் எடுக்க வேண்டும்.

முழுதாக. இந்தச் சொல் மூன்று நாளாக வாயில் வருகிறது.

மார்ச் 14

மழை. அமுக்கும் இயந்திரம் ஆறு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. வாசலில் நின்று பார்த்தேன். ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் கண்ணாடி, அப்புறம் ஒரு முனகல்.

பெரியவர் குடையோடு வந்தார். "தம்பி, உங்கள் வரிசை கடைசிதான். ஆனால் துண்டாகவா, முழுசாகவா என்று சொல்லிவிடுங்கள். 17-ஆம் தேதிக்கு மேல் நான் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள்."

"சொல்கிறேன் ஐயா" என்றேன்.

மார்ச் 15

சுருளில் இல்லை குறை. மல்ட்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். சுருளின் நுனி வெளி முனையோடு சேரும் இடத்தில் ஈயப்பற்று விட்டிருந்தது, மயிரிழை இடைவெளி. சுரண்டிப் பற்றவைத்தேன். கை எழுந்தது. முதலில் பாதி, தயங்கி, பின் படக்கென்று நேராக. பல்பும் எரிந்தது, அதே பழைய பல்பு. இரவு பதினொன்றரை. எழுந்த கையை அணைக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தேன், சுருள் சூடேறும் என்று நினைவு வரும்வரை.

படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை.

மார்ச் 16

பார்த்திருக்கிறார். பதில் இல்லை.

கழற்றியவற்றைத் திரும்ப எடுத்துப் போய் மாட்டத் தொடங்கினேன். டார்ஷன் பார், இடது இடத்தில் இடது, வலது இடத்தில் வலது. சுண்ணக்கட்டி எழுத்து மழையில் அழிந்துவிட்டது, தகடு காப்பாற்றியது.

மார்ச் 17

பெரியவரிடம் சொல்லிவிட்டேன். முழுசாக.

மாலை அண்ணனிடமிருந்து இரண்டு வரி. "தூணில் தட்டினாயா, தானாகவே வந்ததா?" அடுத்ததாக, "வெல்டிங் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது."

எதற்கு வெல்டிங், எந்த வண்டிக்கு என்று கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மார்ச் 18

இழுவை வண்டி நாளை காலை 6 மணிக்கு. மூன்று சக்கரம் சுற்றுகிறது. இடது முன் சக்கரம் மட்டும் அசையவில்லை. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கிடக்கிறது. சரிசெய்யும் திருகைத் தளர்த்தியாயிற்று, டிரம்மைச் சுற்றிலும் மரச்சுத்தியால் தட்டியாயிற்று. இருட்டியதும் ஓரம் முழுக்க எண்ணெய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். 5 மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.