இரண்டு பிறைகள்

சினுவா ஆச்சிபியின் பெயரைச் சொன்னதும் பெரும்பாலான வாசகர்களுக்கு 1958-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலும், அதில் வரும் ஒகோன்க்வோ என்னும் மற்போர் வீரனும்தான் நினைவுக்கு வருவார்கள். நைஜீரியாவின் இக்போ மக்களுடைய வாழ்க்கைக்குள் நானும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தேன். ஆயினும் இந்த மாதம் இரண்டாம் முறையாகப் படித்து முடித்த அவருடைய மூன்றாவது நாவலான ‘ஆரோ ஆஃப் காட்’ (1964), அதாவது ‘கடவுளின் அம்பு’, முதல் நாவலைவிட ஆழமானது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. முதல் நாவலில் வெள்ளையர் வருகிறார்கள், ஊர் உடைகிறது. இந்த நாவலிலோ வெள்ளையர் ஏற்கெனவே வந்து அமர்ந்துவிட்டார்கள். ஊர் இன்னும் தன் கணக்கின்படியே நாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கு எப்படித் தவறுகிறது என்பதுதான் கதை.

கதை நடப்பது 1920-களின் தொடக்கத்தில். உமுவாரோ என்பது ஆறு சிற்றூர்கள் சேர்ந்த ஒரு கூட்டு. முற்காலத்தில் அடிமைகளைப் பிடிக்க வந்த ஆபாம் படையினரின் தொல்லை தாளாமல், தனித்தனியாக இருந்த அந்த ஆறு ஊர்களும் கூடிப் பேசி, மந்திரம் தெரிந்தவர்களை வரவழைத்துத் தங்களுக்கென ஒரு பொதுத் தெய்வத்தை உருவாக்கிக்கொண்டன. அந்தத் தெய்வத்தின் பெயர் உலு. அதன் தலைமைப் பூசாரியை எந்த ஊரிலிருந்து எடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, வலிமை மிக்க ஊருக்குக் கொடுத்தால் அது மற்றவற்றை விழுங்கிவிடும் என்று அஞ்சி, ஆறில் மெலிந்த ஊருக்கே அப்பொறுப்பைக் கொடுத்தார்கள். மனிதர்கள் கூடிச் செய்த தெய்வம் என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை, மறக்கவுமில்லை. பூசாரியின் எதிராளியான நுவாகா என்னும் செல்வந்தன், தங்களைக் கைவிட்ட தெய்வத்தை ஊர் எல்லைக்குத் தூக்கிச் சென்று தீயிட்ட அண்டை ஊராரின் கதையை வெளிப்படையாகவே எடுத்துச் சொல்லுகிறான்.

உலுவின் பூசாரி எசேயுலு. அவருடைய தலையாய கடமை பிறை பார்ப்பது. புதுப்பிறை வானில் தெரிந்ததும் ஒகேனே என்னும் இரும்பு மணியை அடித்து ஊருக்கு அறிவிப்பார். பின்பு, சென்ற அறுவடைத் திருநாளில் எடுத்து வைத்த கிழங்குகளில் ஒன்றைச் சுட்டு உண்பார். ஒரு பிறைக்கு ஒரு கிழங்கு. எடுத்து வைத்தவை தீரும் தறுவாயில்தான் அடுத்த புதுக்கிழங்குத் திருநாளை அவர் அறிவிக்க முடியும். அவர் அறிவிக்கும்வரை உமுவாரோவில் யாரும் புதுக்கிழங்கைத் தோண்டக் கூடாது. அந்தத் திருநாளில் வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் ஒரு விதைக்கிழங்கைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால், குவியலைப் பார்த்தே எந்த ஊரில் எத்தனை ஆண்கள் கூடியிருக்கிறார்கள் என்றும் தெரிந்துவிடும். நாள்காட்டி, அறுவடை ஆணை, மக்கள்தொகைக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரு மனிதனின் கொட்டிலில் கிடக்கும் சில கிழங்குகளில் அடங்கியிருந்தன.

(இடையில் ஒரு சிறு குறிப்பு: யாம் என்னும் இந்தக் கிழங்கைத் தமிழில் சேனை என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கொம்பு நட்டுக் கொடியைப் படரவிட வேண்டிய இந்தக் கிழங்குக்குப் பெருவள்ளி என்ற சொல்லே பொருந்தும். கொம்பு நடுவதும் கொடி ஏற்றுவதும் ஆண்களின் பெருமைக்குரிய வேலையாக இருப்பதால், பெயர் மாறினால் கதையில் பாதி மங்கிவிடும்.)

இத்தகைய கணக்கு வைத்திருக்கும் மனிதர் தன் அதிகாரம் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்காமல் இருப்பாரா? முதல் அத்தியாயத்திலேயே பிறைக்காகக் காத்திருக்கும்போது எசேயுலு அதைத்தான் யோசிக்கிறார். நான் வெறும் காவல்காரனா? திருநாளைக் குறிக்க மறுத்தால் என்ன ஆகும்? மறுக்க முடியாது என்று சொல்லக்கூடியவன் யார்? அந்த எண்ணம் வந்த வேகத்தில் கடந்துபோகிறது. முதல் வாசிப்பில் நானும் அதைக் கடந்துபோய்விட்டேன். இரண்டாம் முறை அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

வெள்ளை அதிகாரி கேப்டன் விண்டர்பாட்டம் எசேயுலுவை ஊர்த் தலைவராக்கத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. உமுவாரோவுக்கும் அண்டை ஊரான ஒக்பேரிக்கும் நிலத்தகராறில் போர் மூண்டபோது விண்டர்பாட்டம் தலையிட்டுத் துப்பாக்கிகளைப் பறித்து உடைத்தார். விசாரணையில், நிலம் ஒக்பேரிக்கே உரியது என்று தன் ஊருக்கு எதிராக உண்மையைச் சொன்னவர் எசேயுலு ஒருவரே. ஊரார் பார்வையில் இரண்டகமாகத் தெரிந்த அந்தச் செயல், அதிகாரிக்கு நேர்மையாகத் தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து, உள்ளூர்த் தலைவர்களைக் கொண்டே ஆள வேண்டும் என்று மேலிடம் நெருக்கியபோது, எசேயுலுவைத் தலைவராக நியமிக்கலாம் என்று அவர் முடிவு செய்கிறார். ‘எசே’ என்றால் அரசன்தானே என்பது அவருடைய மொழியறிவு.

இக்போ மக்களிடையே ‘இக்போ என்வே எசே’ என்றொரு வழக்கு உண்டு. இக்போவுக்கு அரசன் இல்லை என்பது அதன் பொருள். நாவலிலேயே இதற்கு ஓர் அழகான கதை வருகிறது. உமுவாரோவில் ஒரு காலத்தில் அரசன் என்ற பட்டமும் இருந்ததாம். அதை அடைய விரும்புகிறவன் முதலில் ஊரில் உள்ள ஆண், பெண் எல்லாருடைய கடன்களையும் அடைக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்ததால், ஒருவரும் அதை எடுக்கவில்லையாம். எந்தச் சட்டநூலிலும் காணாத நுட்பம் இது. பிரிட்டிஷ் நிர்வாகம் இத்தகைய மக்களிடையேதான் ஆணைப்பத்திரம் கொடுத்துத் தலைவர்களை உண்டாக்கியது. அவர்களில் பலர் இலஞ்சத்திலும் அடாவடியிலும் திளைத்தார்கள். 1929-இல் இக்போ பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, அந்தத் தலைவர்களையும் தங்கள்மீது வரி வரப்போகிறது என்ற செய்தியையும் எதிர்த்துப் போராடினார்கள்; 50-க்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த வரலாறு தெரிந்த பிறகு நாவலில் ஒரு குறை உறுத்துகிறது: எசேயுலுவின் மனைவியரும் மகள்களும் உயிரோட்டமாகப் பேசுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், பாடுகிறார்கள், ஆனால் ஊரின் போக்கை முடிவு செய்யும் இடத்தில் ஒரு பெண்ணும் இல்லை.

தலைவர் பதவியை எசேயுலு மறுக்கிறார்; உலுவைத் தவிர வேறு யாருக்கும் தான் ஆளாக இருக்க முடியாது என்கிறார். அதற்காக ஒக்பேரியில் அடைக்கப்படுகிறார். அங்கே இரண்டு பிறைகள் கடக்கின்றன. பிறை தெரிந்தது, ஆனால் உண்ண வேண்டிய கிழங்குகள் ஊரில் இருந்தன. விடுதலையாகித் திரும்பி, அறுவடைக் காலம் வந்ததும், இன்னும் இரண்டு கிழங்குகள் மிகுதியாக இருக்கின்றன, அவற்றைப் பிறைக்கு ஒன்றாக உண்டு முடிக்கும்வரை திருநாள் இல்லை என்கிறார். பட்டம் பெற்ற பெரியவர்கள் பத்துப் பேர் வந்து மன்றாடுகிறார்கள். அந்தக் கிழங்குகளை இன்றே உண்டுவிடுங்கள், பழி எங்கள் தலையில் விழட்டும், பயன்படாத வழக்கங்களை நம் முன்னோர் மாற்றவில்லையா என்று கேட்கிறார்கள். அவர் அசையவில்லை. கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே வீணாகத் தொடங்குகின்றன, பஞ்சம் வருகிறது.

இது விதிக்குக் கட்டுப்பட்ட பூசாரியின் நேர்மையா, தான் அடைபட்டபோது கைகட்டி நின்ற ஊரைப் பழிவாங்கும் மனிதனின் வன்மமா? இரண்டும் என்றே நான் படித்தேன். ஒக்பேரியில் இருந்தபோதே அவர் பழி தீர்க்கும் எண்ணத்தை வளர்க்கிறார். ஊர் திரும்பியதும் மக்கள் காட்டிய அன்பில் அது சற்று இளகுகிறது. அப்போது உலுவே குறுக்கிட்டு, இது உன்னுடைய போர் அன்று, நீ என் வில்லில் ஓர் அம்பு மட்டுமே என்று அதட்டுகிறது. அந்தக் குரல் தெய்வத்தினுடையதா, அவர் நெஞ்சினுடையதா என்று ஆச்சிபி ஒரு வரியிலும் சொல்வதில்லை. இந்த மௌனத்துக்காகவே நாவலை இன்னொரு முறையும் படிப்பேன்.

அந்த இடைவெளியில் கிறித்தவச் சபை நுழைகிறது. உலுவுக்கு அஞ்சுகிறவர்கள் கிழங்கைத் தேவாலயத்துக்குக் கொண்டுவரட்டும், அதன் பிறகு அச்சமின்றி அறுவடை செய்யலாம் என்று உபதேசியார் குட்கண்ட்ரி அறிவிக்கிறார். இதற்குப் படையும் தேவைப்படவில்லை, சட்டமும் தேவைப்படவில்லை. பசி போதுமானதாக இருந்தது. எசேயுலுவின் அன்பு மகன் ஒபிகா, காய்ச்சலோடு இரவில் சடங்கு ஓட்டம் ஓடித் திரும்பி விழுந்து இறக்கிறான். தந்தையின் சித்தம் கலங்குகிறது. ஊரார் தங்கள் மகன்களின் கையில் ஒன்றிரண்டு கிழங்குகளைக் கொடுத்துத் தேவாலயத்துக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு தந்தையரின் வயல்களில் தோண்டியதெல்லாம் மகன்களின் பெயரில் தோண்டப்பட்டது என்று நாவல் முடிகிறது. வெள்ளையரின் அறிவைத் தெரிந்துவந்து சொல்லும் கண்ணாக இருக்கும்படி தன் மகன் ஒடுச்சேவைச் சபைக்கு முதலில் அனுப்பியவர் எசேயுலுவே என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆச்சிபி இந்த நாவலைத் தன் தந்தை ஐசாயா ஒகாஃபோ ஆச்சிபியின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அந்தத் தந்தை இளமையிலேயே கிறித்தவராகி, திருச்சபையின் உபதேசியாராகப் பணியாற்றியவர். கிழங்கைச் சுமந்து சென்ற மகன்களின் தலைமுறையைச் சேர்ந்தவர் என்றே சொல்லலாம். பெற்றோரை இழந்த அவரை வளர்த்த முதியவர் உடோ ஒசின்யி, ஆச்சிபியின் ஊரான ஒகிடியில் மதிப்பு மிக்க மனிதர். முதலில் வந்த மிஷனரிகளுக்குத் தன் வளவில் இடம் கொடுத்தவரும் அவர்தான். சில நாள்கள் கழித்து அவர்களை வேறிடம் போகச் சொல்லிவிட்டார். அவர்களுடைய பாட்டு மிகவும் சோகமாக இருந்ததாம். கேட்கிற அண்டை வீட்டார் தன்னுடைய சாவுக்குப் பாடுவதாக நினைத்துவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு அவர் வளர்த்த பையன் அந்தப் பாடகர்களோடு சேர்ந்தபோது, அவர் அதைத் தடுக்கவில்லை.