கைதுக் குறிப்பாணையில் ஒரு நேரம்

மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பொன்றின் செயல் தலைவராக இருந்த டி.கே.பாசு, காவல் மரணங்கள் குறித்து 1986 ஆகஸ்டில் இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனுவாக, அதாவது அடிப்படை உரிமையைக் காக்கக் கோரும் மனுவாக, ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18 அன்று, கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 நெறிமுறைகளாக விளைந்தது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காவல் நிலையத்துக்குள் என்ன வடிவம் எடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். கைதான நாளும் நேரமும் எழுதப்பட்ட குறிப்பாணையில் குடும்பத்தினரோ அப்பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். கைதானவரும் ஒப்பமிட வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்ற கெடு கைதான நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்குவதால், நேரம் எழுதும் இடம் வெறுமையாக விடப்பட்ட ஒரு தாளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.