ஈறு வீங்கிய நாட்களில் பல் துலக்குதல்

பல் முளைக்கும் நாட்களில் குழந்தையின் வாயில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் எண்ணம். “புண்ணாட்டம் இருக்கிற எடத்தத் தொடாதப்பா, பல்லு வந்து முடியட்டும்” என்று என் அம்மா சொல்வார். அந்தச் சொல்லில் இருந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் 20 பால்பற்களும் வெளிவந்து முடியக் குழந்தைக்கு இரண்டரை வயதுக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு பல்லுக்காகவும் காத்திருந்தால், முதலில் முளைத்த பற்கள் அத்தனை காலமும் அழுக்கோடு கிடக்கும். ஆகவே வலிக்கும் நாட்களிலும் நிறுத்தாமல், ஆனால் கையின் வேகத்தையும் அழுத்தத்தையும் வலிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு துலக்குவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம்.

பற்கள் வருவதற்கு முன்பே தொடங்கியது எங்களுக்குப் பெரிதும் உதவியது. சோப்பால் கை கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, சுத்தமான மல்துணித் துண்டு ஒன்றைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, கீழ் ஈறு, மேல் ஈறு, கன்னத்தின் உட்புறம் என்று மெதுவாகத் துடைத்து எடுப்போம். தேன் தடவும் வழக்கத்தை மட்டும் உறுதியாக மறுத்துவிட்டோம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கிவிடக் கூடும்.

ஆறு மாதத்தை ஒட்டி எங்கள் மகளுக்கு ஜொள்ளு அதிகமாயிற்று, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடித்தாள், கீழ் ஈற்றின் நடுவில் வெண்கோடு போல ஒன்று தெரிந்தது. அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். வீங்கிய ஈற்றைத் துணியால் உரசினால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அதே இடத்தில் விரலை அசைக்காமல் வைத்து லேசாக அழுத்தினால் அழுகையை நிறுத்திவிட்டு விரலைக் கவ்விக்கொள்வாள். உரசல்தான் அவளுக்கு வலித்தது, அழுத்தம் இதமாக இருந்தது. இதைப் புரிந்துகொண்ட பிறகு வேலையின் வரிசையையே மாற்றினோம். வலியில்லாத பக்கத்தில் தொடங்குவோம். வீங்கிய இடத்துக்குக் கடைசியில் வந்து, ஈரத் துணியை அங்கே ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, சற்று நேரம் அழுத்திப் பிடிப்போம். நாளடைவில் அந்தக் கடைசி அழுத்தத்துக்காகவே அவள் வாயைத் திறந்து தந்தாள்.

இரண்டு கீழ்ப்பற்களும் தெரிந்தவுடன் சிறிய தலையும் மிக மென்மையான இழைகளும் கொண்ட பிரஷுக்கு மாறினோம். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் தலையை என் மடியில் மல்லாந்து வைத்துக்கொண்டால் மேல் ஈறுவரை தெளிவாகத் தெரியும். அவள் திமிறும் நாட்களில் நானும் மனைவியும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்து, அவள் தலை என் மடியிலும் கால்கள் தாயின் இடுப்பை அணைத்தும் இருக்கும்படி படுக்க வைப்போம். அம்மாவின் முகம் கண்ணெதிரே இருப்பதால் பயம் குறையும். அவள் கடித்து விளையாட இன்னொரு பிரஷைக் கையில் கொடுப்போம். அதோடு எழுந்து நடக்க மட்டும் விடுவதில்லை.

மேல் முன்பற்கள் வந்தபோது துலக்கும்போதெல்லாம் அலறினாள். மாவட்டத் தலைநகரில் குழந்தைகளுக்கான பல் மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோது, மேலுதட்டையும் ஈற்றையும் நடுவில் இணைக்கும் சிறு சதை மடிப்பின் மேல் பிரஷ் இடிப்பதுதான் காரணம் என்று சொல்லி, ஆள்காட்டி விரலால் உதட்டைத் தூக்கி அந்த மடிப்பை விரலாலேயே மறைத்துக்கொண்டு துலக்கக் காட்டினார். அன்றிலிருந்து அந்த அழுகை வெகுவாகக் குறைந்தது. குழந்தைக்குப் பல் துலக்கும் எவரும் முதலில் அறிய வேண்டியது இதுவே என்று நான் கருதுகிறேன். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் ஓரளவு காக்கும் என்றும், மேல் முன்பற்களே முதலில் சொத்தையாகும் என்றும் அவர் விளக்கினார். ஈற்றை ஒட்டிச் சுண்ணாம்பு நிறத்தில் கோடு தெரிகிறதா என்று உதட்டைத் தூக்கிப் பார்ப்பதை அதன்பின் வழக்கமாக்கிக்கொண்டோம். ஒருமுறை மேல் ஈற்றில் நீலம் பாய்ந்த கொப்புளம் ஒன்று எழும்பி எங்களைக் கலங்க வைத்தது. பல் வெளிவரும் இடத்தில் நீரும் இரத்தமும் தேங்குவதால் வருவது, பெரும்பாலும் தானே உடைந்துவிடும் என்றார்; அப்படியே ஆயிற்று.

பற்பசை விஷயத்தில்தான் நாங்கள் மிகவும் யோசித்தோம். எங்கள் தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்களில் பழுப்புக் கறை படிந்த பெரியவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. மருத்துவரும் முதல் கேள்வியாக, குடிப்பது எந்த நீர் என்றுதான் கேட்டார். நிலைத்த பற்களின் எனாமல் உருவாகும் வயதில் புளோரைடு அதிகமாக வயிற்றுக்குள் போனால் அந்தக் கறை வரும் என்பதால், குடிக்கவும் கூழ் காய்ச்சவும் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டுக் காவிரி நீரையே பயன்படுத்தச் சொன்னார். பற்பசையிலும் புளோரைடு உண்டு என்றாலும், அதை முற்றிலும் தவிர்க்கச் சொல்லவில்லை. மூன்று வயதுவரை ஓர் அரிசி மணி அளவு போதும், துலக்கியபின் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடலாம் என்றார்.

பல் வலிக்கென்று கடைகளில் விற்கும் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை நாங்கள் வாங்கவே இல்லை. பென்சோகைன் கலந்த அத்தகைய மருந்துகளை இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அவை குறைத்துவிடக் கூடும். நனைத்த மல்துணியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிரவைத்துக் கடிக்கக் கொடுத்ததே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. முதல் கடைவாய்ப் பல் வரும்போது காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டியது. “பல்லுக் காய்ச்சல்” என்று வீட்டில் சொன்னாலும், பல் முளைப்பதால் அவ்வளவு காய்ச்சல் வராது என்று அறிந்திருந்ததால் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். தொண்டையில் தொற்று இருந்தது.

இரவுத் துலக்கலை எந்தக் காரணத்துக்காகவும் விடவில்லை, ஏனெனில் தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடுகிறது. தூக்கக் கலக்கம் வருமுன் துலக்கிவிட்டு, அதன்பின் தாய்ப்பால் குடித்தால் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிடுவோம். ராகிக் கூழில் நாட்டுச் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. பல்லுக்கு அதுவும் சர்க்கரைதான்.

இப்போது கடைசிக் கடைவாய்ப் பற்கள் வந்துகொண்டிருக்கின்றன. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மடிந்து கிடப்பதால் அதனடியில் சோற்றுப் பருக்கை தங்கிவிடுகிறது. வாயை அகலத் திறக்கச் சொன்னால் கன்னம் இறுகி பிரஷ் நுழைவதில்லை. பாதி மூடச் சொன்னால் இடம் கிடைக்கிறது. பற்பசை இல்லாமல், வெந்நீரில் நனைத்து ஆறவைத்த பிரஷால் அந்த மடிப்பைப் பின்னிருந்து முன்னாக ஒதுக்கிவிட்டு, பிறகே மற்ற பற்களுக்குப் போகிறேன்.