65,536-வது வரி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். சொல்பவரின் நாற்காலி பெரியதாக இருந்தால் இன்னும் வேகமாக ஆட்டுவேன்.

மாதாந்திரத் தரவை எக்செல் கோப்பாக மேலே அனுப்புவது என் பொறுப்பு. "பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்லயே அனுப்புப்பா, எல்லார் கம்ப்யூட்டர்லயும் திறக்கும்" என்றார் மேலாளர். இருபது வருட அனுபவம் உள்ளவர். பக்கத்து மேசையில் டேட்டா என்ட்ரி பார்த்த அக்கா, "கடைசி வரி நம்பரைப் பார்த்துட்டு அனுப்பு" என்று மட்டும் சொன்னார். நான் பார்க்கவில்லை. சேமிக்கும்போது ஏதோ எச்சரிக்கைப் பெட்டி வந்தது. படிக்காமலேயே அமுக்கினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கூட்டுத்தொகை இடித்தது. கோப்பைத் திறந்து அடிவரைக்கும் போனால், வரிசையாக இரண்டு மாதமும் சரியாக 65,536-வது வரியில் நிற்கிறது. பழைய ஃபார்மட்டின் கொள்ளளவே அவ்வளவுதான். எக்செல் 2007-உடன் வந்த புது ஃபார்மட்டான எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576 வரி பிடிக்கும். (2020-இல் இங்கிலாந்தில் இதே பழைய ஃபார்மட்டால் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் வராமல் போயின என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கேவலமான ஆறுதல்தான்.) விடுபட்டதையெல்லாம் சேர்க்க அன்று இரவு என்னோடு உட்கார்ந்தவரும் அந்த அக்காதான்.

மேலாளர் தப்பாகச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவர் அந்த வேலையைக் கையால் செய்த காலத்தில் அத்தனை வரி இருந்திருக்காது. அதற்கப்புறம் யாராவது வழி சொன்னால், "இதை நீங்க கடைசியா எப்ப செஞ்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிடுவேன். சிலருக்கு முகம் சுருங்கும். பரவாயில்லை.

ஆனால் அக்கா சொன்னதெல்லாம் வேதம் என்றும் இல்லை. வேறு வேலைக்குப் போகலாமா என்று யோசித்தபோது, "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்காதே" என்றார். அவர் ஒரே இடத்தில் இருந்தவர், ஒருமுறைகூட மாறியதில்லை. மூன்று இடம் மாறிய மேலாளரிடம் கேட்டேன். "ஆர்டர் கைக்கு வராம ராஜினாமா கடிதத்தைத் தொடாதே" என்றார். அதைத்தான் கேட்டு நடந்தேன்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி பைத்தான் நிரல்மொழியில் ஒரு சந்தேகம் கேட்டான். பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் பைத்தானைத் தொட்டு நான்கு வருடம் ஆகிறது. தினமும் அதிலேயே புரளும் பின்மேசைப் பெண்ணைக் கைகாட்டிவிட்டு, நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.