எக்ஸ்86ல் ஓடியது, ஆர்மில் உடைந்தது

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் வேலைக்கு வந்த புதிதில், பிராசசருக்கு ஏற்றபடி கெர்னலைச் சீர்செய்வது என்றால் அதன் அமைப்பு மெனுவான மெனுகான்ஃபிக்கில் 'பிராசசர் ஃபேமிலி'யைச் சரியாகத் தேர்ந்தெடுத்து ராத்திரி கம்பைல் போட்டுவிட்டுப் போவது என்றுதான் நினைத்திருந்தேன். அதனால் வந்த வேகம் கண்ணுக்கே தெரிந்ததில்லை.

அப்புறம் ஒரு டிவைஸ் டிரைவர் கைக்கு வந்தது. உள்ளே ஒரு ரிங் பஃபர், அதாவது சுற்றிச் சுற்றி நிரப்பும் மெமரிப் பகுதி: பிராசசரின் ஒரு கோர் டேட்டாவை எழுதி, எதுவரை எழுதியாயிற்று என்று காட்டும் 'ஹெட்' எண்ணை ஏற்றும், இன்னொரு கோர் அந்த எண்ணைப் பார்த்து டேட்டாவை எடுக்கும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை பிராசசர்) சர்வர்களில் வருடக்கணக்கில் ஒரு புகார் இல்லை. ஆர்ம்64 என்ற இன்னொரு பிராசசர் வகை போர்டுக்குக் கம்பைல் ஆனது, பூட் ஆனது, இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடவும் செய்தது, திடீரென்று புது பாக்கெட்டுக்குள் பழைய பாக்கெட்டின் பைட்டுகள். கெர்னல் லாகில் எழுதும் பிரின்ட்கே போட்டுப் பார்த்தால் பிழை ஒளிந்துகொள்ளும். மூன்று நாள் பாவம் அந்த ரேமைத் திட்டினேன்.

காரணம் இதுதான். சாதாரண மெமரியில் ஒரு கோர் எழுதுவது எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும் என்று எக்ஸ்86 உத்தரவாதம் தருகிறது, ஆர்ம் தருவதில்லை. ஹெட் எண் முதலில் தெரிந்து, டேட்டா பின்னால் வரலாம். நடுவில் அந்த வரிசை மாறாமல் காக்கும் ஒரு மெமரி பேரியர் வேண்டும், அதை எழுதியவர் போடவே இல்லை, எக்ஸ்86 அவரைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

பயத்தில் பார்த்த இடமெல்லாம் முழு பேரியராகப் போட்டேன். பிழை போனது, கூடவே வேகமும் போனது. ஒவ்வொன்றும் ஆர்மில் ஒரு 'டிஎம்பி' என்ற பேரியர் இன்ஸ்ட்ரக்ஷன் அல்லவா. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, யோசித்து, மறுபடி ஓட்டி, கடைசியில் நின்றது இரண்டே வரி: ஹெட்டை ஏற்றும் இடத்தில் ஸ்டோர் ரிலீஸ் (முன்னால் எழுதியவை முதலில் தெரிந்தாக வேண்டும்), படிக்கும் இடத்தில் லோட் அக்வயர் (பின்னால் படிப்பவை முந்தக்கூடாது). "ரெண்டு வரிக்கு மூணு வாரமா?" என்றார் மேனேஜர். நியாயமான கேள்விதான், பதில் சொல்லத்தான் தெரியவில்லை.

அதே திருத்தத்தை எக்ஸ்86க்கும் கம்பைல் செய்து, வேகம் குறைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் கம்பைல் ஆன இன்ஸ்ட்ரக்ஷன்களைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் பிரித்துப் பார்த்தேன். அந்த இரண்டு இடத்திலும் டேட்டாவை நகர்த்தும் பழைய சாதாரண 'மவ்' இன்ஸ்ட்ரக்ஷன்தான் இருந்தது, புதிதாக ஒரு பேரியர் இன்ஸ்ட்ரக்ஷன்கூட இல்லை.